ஈக்குக் கட்டிய திரை

ஒருத்தன் ஈ ஓட்டுகிறான் என்றால் வேலை வெட்டி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான் என்று அர்த்தம். இவனுக்கு அதுதான் வேலையே. பல்கலைக்கழகத்தின் உயிரியல் கட்டடத்தில், மூன்றாவது மாடியில், படிக்கட்டுக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடக்கும் ஓர் அறையில் அவன் ஈ வளர்த்தான். வீட்டு ஈ இல்லை. பழம் கனிந்தால் எங்கிருந்தோ வந்து சுற்றுமே, சிவப்புக் கண் வைத்த பொடி ஈ, அது. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் 'ஆய்வு உதவியாளர்' என்று போட்டிருந்தது. அதை யாரும் படித்ததில்லை. கட்டடம் முழுக்க அவன் பெயர் ஈயண்ணன்.

இந்த வேலையை வீட்டுக்குப் புரியவைப்பதற்குள் அவனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"ஈ வளர்க்கவா இவ்வளவு தூரம் போனே?" என்று போனில் அம்மா கேட்டாள். "நம்ம அடுப்படியில ஒரு பழத்தை மூடாம வச்சிருந்தா தன்னால வளர்ந்திருக்குமே. நானே பார்த்துக்கிட்டிருப்பேனே!"

அம்மாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கி அக்கா வீட்டுக்காரர் பேசினார். "மச்சான், பையன் என்ன பண்றான்னு யாராவது கேட்டா நாங்க பொய் சொல்றதில்ல. ஈ ஓட்டுறான்னு உண்மையைச் சொல்லிடறோம். அதுக்கப்புறம் அவங்க பொண்ணு விஷயமாப் பேச்சே எடுக்கறதில்ல, அது ஏன்னுதான் புரியல."

அவனும் சிரித்தான். அங்கே எல்லோரும் சேர்ந்து சிரிப்பது கேட்டது. போனை வைத்ததும் அறை பழையபடி ஆனது. ஆயிரக்கணக்கில் ஈ இருந்தும் அந்த அறையில் சத்தம் கிடையாது. பஞ்சு அடைத்த கண்ணாடிக் குப்பிக்குள் அவை பறப்பது வெளியே கேட்காது. சூட்டுப் பெட்டியின் மோட்டார் மட்டும் தூங்குகிற ஆள் மூச்சு விடுவது போல விட்டு விட்டு ஓடும்.

வேலை என்று பார்த்தால் குழந்தை வளர்ப்பு மாதிரிதான். சோள மாவு, சர்க்கரை, ஈஸ்ட் எல்லாம் போட்டுப் பெரிய பாத்திரத்தில் கூழ் காய்ச்சவேண்டும். அதைக் குப்பி குப்பியாக ஊற்றி ஆறவைக்கவேண்டும். பழைய குப்பியில் நெரிசலாகிவிட்ட ஈக்களைப் புதுக் குப்பிக்குத் தட்டி மாற்றவேண்டும். ஆண் தனி, பெண் தனி என்று பிரிக்கும்போது கொஞ்சம் வாயுவைத் திறந்து மயக்கி, உருப்பெருக்கியின் அடியில் பரப்பி, ஓவியம் போடும் மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தள்ளவேண்டும். வாலடி கறுத்திருந்தால் ஆண். வெயிலோ மழையோ, விடுமுறையோ என்னவோ, ஈக்குப் பசிக்கும். ஊரே அடங்கிக் கிடக்கும் ஞாயிற்றுக்கிழமையிலும் அவன் வந்து பூட்டைத் திறப்பான். அவனுக்கு அது கஷ்டமாகப் பட்டதில்லை. வாடகை அறையில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு இங்கே உட்கார்ந்து ஈயைப் பார்க்கலாம். ஈயாவது அசையும்.

ஆட்கள் வருவார்கள், இல்லையென்று சொல்லமுடியாது. கதவைப் பாதி திறந்து, தலையை மட்டும் நீட்டி, "அண்ணா, ரெண்டு ட்ரே" என்பார்கள். அவன் எடுத்துக் கொடுப்பான். கதவு சாத்திக்கொள்ளும். 'எடுத்துக்கோ', 'சரிங்க மேடம்' என்ற இரண்டைத் தவிர வாயிலிருந்து எதுவும் வராமலே பொழுது சாய்ந்த நாட்கள் உண்டு. அப்படிப்பட்ட நாளில் வீட்டிலிருந்து போன் வந்தால் தொண்டை கரகரக்கும். "சளி பிடிச்சிருக்கா?" என்று அம்மா கேட்பாள். ஆமாம் என்றுவிடுவான். இல்லையென்று சொன்னால் வேறு காரணம் சொல்லவேண்டுமே.

அப்படி இருந்தவனிடம்தான் தூக்கக்காரி வந்து சேர்ந்தாள்.

அவள் ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியையான மேடத்திடம் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யும் மாணவி. ஈயின் தூக்கத்தைப் பற்றிப் படித்ததால் கூட இருந்த பிள்ளைகள் 'தூக்கக்காரி' என்ற பட்டத்தை முதலிலேயே கொடுத்துவிட்டார்கள். கல்யாணமானவள். புருஷன் வேறு நகரத்தில் இருந்தான். ஆராய்ச்சி முடிந்தால்தான் அங்கே போய்க் குடித்தனம். "எங்க வீட்டுக்காரர் ரெண்டு நாற்காலி வாங்கிப் போட்டுக்கிட்டு ஒண்ணுல உட்கார்ந்திருக்காரு. இன்னொண்ணுல அவரோட துணி உட்கார்ந்திருக்கு" என்று சொல்லிச் சிரிப்பாள்.

அவள் ஆராய்ச்சிக்கு ஒரு பழைய அடிப்படை இருந்தது. பல வருஷத்துக்கு முன்னால் அதே ஆய்வகத்தில் ஒரு மாணவன் கண்டுபிடித்த விஷயம் அது. கூட்டமாக வளர்ந்த ஈ நன்றாகத் தூங்கும். பிறந்ததும் பிரித்து ஒரு குப்பிக்கு ஒன்றாகத் தனியே வைத்த ஈக்குத் தூக்கம் குறைந்துவிடும். சரி, அப்படித் தூக்கம் கெட்ட ஈயைத் திரும்பக் கூட்டத்தோடு விட்டால் தூக்கம் வருமா? இதுதான் தூக்கக்காரியின் கேள்வி. கேட்பதற்குச் சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் தனி ஈக்கு முதலில் தூக்கம் கெட்டால்தானே அது திரும்புகிறதா என்று பார்க்கமுடியும்? அவளுடைய தனி ஈக்களோ கூட்டத்து ஈக்களைப் போலவே சுகமாகத் தூங்கின. ஒருமுறை செய்தாள். மறுபடி செய்தாள். எத்தனை முறை செய்தாலும் அதே கதை.

முதலில் சண்டை போடத்தான் ஈயறைக்கு வந்தாள்.

"என்னண்ணா உங்க ஈயெல்லாம்? தனியா விட்டாலும் கவலையே இல்லாம குறட்டை விடுது."

"நல்லாச் சாப்பாடு போடறேன்ல. உண்ட மயக்கம்."

"கொஞ்சம் பட்டினி போடுங்க. என் வாழ்க்கைப் பிரச்சினை இது."

"பசியில தூங்கலேன்னா அது உனக்குக் கணக்குல வராதேம்மா."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "பரவாயில்லையே, ஈயண்ணன் பேசறாரே!" என்றாள்.

அதற்குப் பிறகு கூழின் பதத்தைப் பார்க்க வந்தாள். சூட்டுப் பெட்டியின் சூடு சரியா என்று பார்க்க வந்தாள். ஒரு நாள் சாப்பாட்டு டப்பாவோடு வந்து, "கீழ சாப்பாட்டு ரூம்ல எல்லாரும் எப்ப முடிப்பே, எப்ப முடிப்பேன்னு கேட்கறாங்கண்ணா. நீங்கதான் கேட்க மாட்டீங்க" என்று இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து தினமும் மதியம் இரண்டு ஸ்டூல், இரண்டு டப்பா. ஈயறையில் டப்பாவைத் திறந்தால் தப்பித்துத் திரியும் ஈயெல்லாம் விருந்துக்கு வரும். ஒரு கையால் விரட்டிக்கொண்டே சாப்பிடுவார்கள். "பாருங்க, நீங்க வளர்த்ததுங்களுக்கு மரியாதையே இல்ல" என்பாள். "என்னையவா உரிச்சு வச்சிருக்கும், எங்க அத்தானைத்தான்" என்பான். அவன் வீட்டுக் கதையெல்லாம் அவளுக்கு அத்துப்படி ஆகிவிட்டது. அம்மாவின் முழங்கால் வலி எந்தக் காலில் என்பதுவரை தெரியும்.

அவளுக்கு ஆராய்ச்சி ஓடவில்லை. அவனுக்கோ வாழ்க்கை ஓடத் தொடங்கியிருந்தது. காலையில் தலையை ஒழுங்காக வாரிக்கொண்டான். மத்தியானம் சொல்வதற்கென்று வழியில் பார்த்ததையெல்லாம் மனசில் முடிந்துகொண்டு வந்தான். வீட்டுப் போனில் அம்மா, "குரல் தெளிஞ்சிருக்கே, மருந்து சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

கண்ணாடிக் குப்பி தீர்ந்துபோனதால் ஒரு நாள் அடித்தளத்திலிருக்கும் ஸ்டோருக்குப் போனான். ஸ்டோர்காரர் ஓய்வு வயதை எட்டிக்கொண்டிருந்த மனுஷர். ஊர் வம்பையும் சாமான்களோடு சேர்த்து அடுக்கி வைத்திருப்பவர்.

"வாப்பா ஈ ராஜா! பிரஜைங்க எல்லாம் சௌக்கியமா?" என்று வரவேற்றார். குப்பிப் பெட்டியை இழுத்து வைத்தார். புதுக் குப்பிகள் ஒன்றோடொன்று மோதி உடையாமலிருக்கப் பெட்டிக்குள் குறுக்கும் நெடுக்குமாக அட்டைத் தடுப்பு வைத்து வரும். அவன் குப்பிகளை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு பெட்டியை அங்கேயே தள்ளினான்.

"இந்தத் தட்டி வேண்டாமா உனக்கு?" என்றார் ஸ்டோர்காரர்.

"எதுக்குங்க? அட்டை இருந்தா உண்ணி சேரும்."

"உனக்கு முன்னாடி இருந்த ஆளு இதை எங்கிட்ட கெஞ்சி வாங்கிட்டுப் போவாரேப்பா. கறுப்புப் பெயிண்ட் அடிச்சு, இதோ இந்த ஜன்னல்லதான் காய வைப்பாரு. ரூம் முழுக்க நாறும். என்னய்யா கூத்து இதுன்னு கேட்டா, தனியா இருக்கிற ஈ பக்கத்துக் குப்பியில இருக்கறதைப் பாக்கக் கூடாதாம். ஈக்குத் திரை கட்டின ஆளு உலகத்துலயே அவரு ஒருத்தராத்தான் இருக்கணும்." அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

அவன் சிரிக்கவில்லை. கூடையின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஈயறையில் உண்ணி விழுந்திருந்தது. கண்ணுக்கே தெரியாத உண்ணி. ஈயின் மேல் ஒட்டி, முட்டையைத் தின்று, ஓர் அறையையே காலி செய்துவிடும். அட்டையின் மடிப்பிலும் மரத்தின் இடுக்கிலும் ஒளிந்துகொள்ளும். எல்லாவற்றையும் சுத்தம் செய் என்று மேடம் சொன்னார். அவனுக்கு முன்னால் இருந்தவர் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தார். சாவி கைமாறியதே தவிர, வாய்வார்த்தையாக எதுவும் கைமாறவில்லை. அலமாரியின் கீழ்த்தட்டில் கறுப்பு அட்டைத் தடுப்புகள் ஒரு கட்டு கிடந்தன. பெட்டியில் மிஞ்சிய குப்பை என்று நினைத்து மற்ற அட்டைகளோடு சேர்த்து அவன்தான் பையில் போட்டுக் கட்டினான். எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறாய் என்று மேடம் பாராட்டக்கூடச் செய்தார்.

அதற்குப் பிறகு தனி ஈக் குப்பிகளை ட்ரேயில் தோளோடு தோள் உரசத்தான் நிறுத்தி வைத்தான். இடம் மிச்சம் பாருங்கள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒன்று, இந்தப்பக்கம் ஒன்று, முன்னும் பின்னும் ஒன்று. தனிக்குடித்தனம் என்று பேர். ஜன்னலைத் திறந்தால் நாலு பக்கமும் சொந்தக்காரர்கள். அப்புறம் ஏன் தூக்கம் கெடும்?

தூக்கக்காரிக்கு இது தெரிய வழியில்லை. பழைய மாணவன் எழுதிவைத்ததில் 'தனித்தனிக் குப்பி' என்று மட்டும்தான் இருந்தது. தடுப்பு வைத்தது அப்போதிருந்த உதவியாளர். அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை, எழுதவும் இல்லை. அவள் கைக்கு வரும்போது ஈக்கள் குப்பியை விட்டு வந்து மயங்கிக் கிடக்கும், சோதனைக் கருவியின் குழாய்க்குள் ஒவ்வொன்றாகத் தள்ளுவதுதான் அவள் வேலை. சூட்டுப் பெட்டிக்குள் ட்ரே எப்படி இருக்கிறது என்று குனிந்து பார்க்கவேண்டிய ஆள் அவன் ஒருத்தன்தான்.

கூடையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறினான். போனவுடன் சொல்லிவிடவேண்டும். 'அம்மாடி, பிடிச்சிட்டேன்' என்று சொல்லவேண்டும். அவள் துள்ளுவாள்.

அவள் ஏற்கெனவே ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு டப்பாவையும் திறந்து வைத்திருந்தாள்.

"எங்கண்ணா போயிட்டீங்க? எனக்கு முன்னாடி உங்க பிள்ளைங்க சாப்பிட ஆரம்பிச்சிருச்சு" என்றாள். அவன் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். "மேடத்தைப் பார்த்துட்டு வரேன். இந்தத் தடவையும் வரலேன்னா இதை மூட்டை கட்டிட்டு வேற விஷயம் எடுத்துக்கச் சொல்றாங்க. முதல்லேருந்து. அப்படின்னா இன்னும் ஒரு வருஷம்." தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். "உங்க தலையெழுத்து, இன்னும் ஒரு வருஷம் என் புலம்பலைக் கேட்டுத்தான் ஆகணும்."

வாய்வரை வந்த வார்த்தை அங்கேயே நின்றது. இன்னும் ஒரு வருஷம். எத்தனை மத்தியானம்! சொன்னால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. தடுப்பு வைப்பார்கள். தூக்கம் கெடும். அவள் எழுதி முடிப்பாள். பெட்டியைக் கட்டுவாள். இந்த ஸ்டூல் பழையபடி மூலைக்குப் போகும்.

"என்னண்ணா, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"மூணு மாடி ஏறினேன்ல" என்றான். உட்கார்ந்து சாப்பிட்டான்.

நாளைக்குச் சொல்லலாம் என்று அன்றைக்கு நினைத்தான். மறுநாளும் அதையேதான் நினைத்தான். தானே சத்தமில்லாமல் அட்டையை வெட்டி வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது, திட்டும் விழாது என்று ஒரு யோசனை வந்தது. திட்டுக்கு அவன் பயப்படவில்லை. தடுப்பை வைத்தால் அவள் போய்விடுவாள், அது ஒன்றுதான் கையைக் கட்டியது. காலையில் சூட்டுப் பெட்டியைத் திறக்கும்போது குப்பிகள் பளபளவென்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். அவன் மட்டும் அவற்றைப் பார்க்காமல் கூழை மாற்றுவான்.

மத்தியானப் பேச்சு என்னவோ முன்னைவிட நன்றாகவே நடந்தது. அவள் சிரித்தாள், அவனும் சிரித்தான்.  ஆனால் தன் வீட்டுத் தின்பண்டத்தைத் திருடித் தின்கிறவனுக்குக்கூட ருசி தெரியும். இவனுக்கு அதுவும் தெரியவில்லை. அந்த வாரம் அம்மா கூப்பிட்டபோது போனை எடுக்கவில்லை. எடுத்தால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

அந்தச் சுற்று முடிவும் வந்தது. தனி ஈக்கள் வழக்கம்போலத் தூங்கின.

அன்று மத்தியானம் அவள் வர நேரமாகியது. கதவுக்கு வெளியே நடைபாதையில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவன் காதைப் பொத்திக்கொள்ள முடியாதே.

"நீங்க கோபப்படுங்க, பரவாயில்ல... எனக்கு மட்டும் ஆசையா இங்க கிடக்கணும்னு?... இல்லைங்க, ஈ மேல தப்பில்ல. எனக்கு முன்னாடி செஞ்சவனுக்கு வந்திருக்கே. என் கைதான் விளங்கல."

முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். டப்பாவைத் திறக்கவில்லை. நேராக மேசைக்குப் போய்ப் பிரஷ்ஷை எடுத்து அவன்முன் நீட்டினாள்.

"அண்ணா, உண்மையைச் சொல்லணும். மயங்கிக் கிடக்கிற ஈயை நான் குழாய்க்குள்ள தள்ளும்போது அமுக்கிடறேனா? என் கை நடுங்குதான்னு பாருங்க. ராத்திரியெல்லாம் அதைத்தான் யோசிக்கிறேன். நான் அதுங்களைக் காயப்படுத்தி, அதுங்க எழுந்திருக்க முடியாமக் கிடக்க, அதைப் போய்த் தூக்கம்னு எண்ணிக்கிட்டிருக்கேனோ என்னவோ. நீங்க சொல்லிக் குடுங்க. ஒண்ணு ஒண்ணா, உங்க முன்னாடி செய்யறேன்."

விரலில் பிரஷ் ஆடாமல்தான் இருந்தது. அவ்வளவு நிதானமான கை. அதைப் போய்ச் சந்தேகப்பட்டு அவள் ராத்திரியெல்லாம் விழித்திருக்கிறாள்.

"உன் கையில ஒண்ணும் இல்லம்மா" என்றான்.

"சும்மா ஆறுதலுக்குச் சொல்லாதீங்க."

"ஆறுதல் இல்ல. தப்பு என்னோடது." சூட்டுப் பெட்டியைத் திறந்து ட்ரேயை மேசைமேல் வைத்தான். "நல்லாப் பாரு. கிட்டக் குனிஞ்சு பாரு. ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிட்டு நிக்குதா? நடுவுல கறுப்பு அட்டை இருந்திருக்கு. பழையவர் வச்சிருந்தாரு. உண்ணி வந்தப்ப குப்பைன்னு நினைச்சு நான்தான் தூக்கிப் போட்டேன்."

அவள் குனிந்து பார்த்தாள். கண்ணை ட்ரேயின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, ஒரு குப்பி வழியே அடுத்த குப்பியை, அதன் வழியே அதற்கடுத்ததைப் பார்த்தாள். நிமிர்ந்தபோது முகம் பூராவும் வெளிச்சமாக இருந்தது.

"அய்யோ, அண்ணா! இவ்வளவுதானா! இவ்வளவுதானா விஷயம்?" அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "தெரியாமப் போட்டதுக்கு யார் என்ன பண்றது? இப்ப எப்படித் தெரிஞ்சுது?"

"ஸ்டோர்காரர் சொன்னாரு."

"இன்னைக்கா?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். அந்த வெளிச்சம் அப்படியே இருக்கும். தோளில் அவள் கை இன்னும் இருந்தது.

"இல்ல. ரெண்டு வாரமாச்சு" என்றான்.

கை எடுபட்டது.

"ரெண்டு வாரமா? அப்ப இந்தச் சுற்று... தெரிஞ்சே விட்டீங்களா?"

"ம்."

"ஏன்?"

அவன் ட்ரேயைப் பார்த்தான். "முடிஞ்சா நீ போயிடுவேல்ல" என்றான்.

மோட்டார் ஓடி நின்றது.  அவள் கத்தியிருந்தால், 'நீங்களெல்லாம் மனுஷனா' என்று கேட்டிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். பிரஷ்ஷை அதன் இடத்தில் வைத்தாள். திறக்காத டப்பாவை எடுத்துக்கொண்டாள். போகும்போது கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

மறுநாள் மேடம் ஈயறைக்கு வந்தார். அவன் வேலைக்குச் சேர்ந்தபின் உள்ளே வந்து நின்றது அதுதான் முதல் தடவை. ட்ரேயைப் பார்த்துவிட்டு, "நானே வந்து பார்த்திருக்கணும்" என்றார். "ஏன்ப்பா, தூக்கிப் போடறதுக்கு முன்னாடி யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" யாரை என்று அவன் திருப்பிக் கேட்கவில்லை. மேடத்துக்கும் சட்டென்று யார் பெயரும் வாயில் வரவில்லை. "சரி, அட்டை வெட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு வாரத்தைப் பற்றிய பேச்சே எழவில்லை. தூக்கக்காரி அதைச் சொல்லியிருக்கவில்லை என்று அவனுக்குப் புரிந்தது. அதனால் பாரம் குறையவில்லை, கூடத்தான் செய்தது.

ஸ்டோரில் போய்த் தட்டிகளைக் கேட்டு வாங்கினான். "பார்த்தியா, கடைசியில நீயும் அந்த வழிக்கே வந்துட்டே" என்றார் ஸ்டோர்காரர். பெயிண்ட் அடித்து, அதே ஜன்னலில் காயவைத்து, நாற்றம் போனபின் எடுத்துவந்தான். குப்பிக்குக் குப்பி நடுவில் அட்டையைச் செருகினான். ஒரு பக்கம் மறைந்தது. மறுபக்கம் மறைந்தது. முன்னும் பின்னும் மறைந்தது. அட்டை இறங்கும்போது சில ஈக்கள் கண்ணாடியில் ஏறி அந்த விளிம்போடு நடந்தன. அவை எப்போதும் நடக்கிறவைதான், அதற்கு அர்த்தம் கிடையாது என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் வேலை முடியும்வரை அவன் வேறு எதையாவது யோசிக்க முயன்றான்.

தூக்கக்காரி வேலைக்கு வேண்டியதைப் பேசினாள். "ட்ரே தயாராண்ணா?" என்பாள். "தயார்" என்பான். அண்ணா என்று கூப்பிடுவதை விடவில்லை. ஆனால் எழுத்து வேலைக்கென்று ஆய்வக மறுகோடியில் மேசை போட்டுக்கொண்டாள். மத்தியானம் கீழே சாப்பாட்டு அறைக்குப் போனாள்.

இந்தத் தடவை ஈக்கள் தூங்கவில்லை. ஒரு நாள் காலையில் மேடத்தின் அறையிலிருந்து கைதட்டும் சத்தம் சுவர் தாண்டிக் கேட்டது. அவன் கூழ் கிண்டிக்கொண்டிருந்தான். கரண்டியை நிறுத்திக் காது கொடுத்தான். அடிபிடிக்கும் வாசனை வந்ததும் மறுபடி கிண்டினான்.

அடுத்த கட்டத்துக்குத் தூக்கம் கெட்ட ஈக்களைக் கூட்டத்தோடு விடவேண்டும். அதையும் அவன்தான் செய்தான். முதல் நாள் அவை ஒதுங்கி, பஞ்சுக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றன. அதற்கப்புறம் சிலதுக்குத் தூக்கம் திரும்பியது, சிலதுக்குத் திரும்பவே இல்லை. ஏன் அப்படி என்பது ஆராய்ச்சியிலும் தெரியவில்லை. அதைப் பற்றி அவளோடு பேசவேண்டும் போலிருந்தது. பேசவில்லை.

அவள் எழுதினாள், கொடுத்தாள், பட்டம் உறுதியானது. போகிற நாளும் வந்தது. சொல்லாமல்தான் போவாள் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. தலையை மட்டும் நீட்டவில்லை. முழுசாக உள்ளே வந்தாள். ஸ்டூலைப் பார்த்தாள். அதன்மேல் அவன் ட்ரேக்களை அடுக்கி வைத்திருந்தான். நின்றுகொண்டே பேசினாள்.

"கிளம்பறேண்ணா."

"சரிம்மா. நல்லபடியாப் போயிட்டு வா."

"உங்க மேல கோபம் இன்னும் போகல. போயிடுச்சுன்னு பொய் சொல்லத் தெரியல எனக்கு."

"பரவாயில்ல. இருக்கட்டும்."

"ரெண்டு வாரம்ண்ணா. எங்க வீட்டுக்காரர்கிட்ட நான் என்னென்ன பேசினேன் தெரியுமா, அந்த ரெண்டு வாரத்துல?" அவள் குரல் கொஞ்சம் ஏறி, இறங்கியது. "போகாதேன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டா இருந்திருப்பியா?"

"இருந்திருக்க மாட்டேன். போயிருப்பேன்." மூக்கை உறிஞ்சினாள். "ஆனா கேட்டிருக்கலாம்ல? மனுஷங்க அப்படித்தானே?"

அவன் கையைத் துடைத்துக்கொண்டான். துடைக்க ஒன்றுமில்லை, கை சுத்தமாகத்தான் இருந்தது. கதவுக்கு வெளியே அவளுடைய பெட்டி நின்றிருந்தது. லிஃப்ட் வழக்கம்போல வேலை செய்யவில்லை.

"கீழ வரைக்கும் தூக்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டான்.

அவள் ஒரு கணம் யோசித்தாள். "வாங்க" என்றாள்.

புத்தகம் நிறைந்த பெட்டி. கனத்தது. மூன்று மாடியும் அவன் முன்னால் இறங்க, அவள் பின்னால் வந்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும், "பார்த்து", "பார்த்துண்ணா" என்றாள். 

வாசலில் வண்டியிலிருந்து அவள் புருஷன் இறங்கி ஓடிவந்து பெட்டியை வாங்கிக்கொண்டான். ஒல்லியான ஆள், பார்த்தால் யாருக்கும் பிடித்துப்போகும் முகம்.

"நீங்கதான் ஈயண்ணனா?" என்று கையைப் பிடித்துக் குலுக்கினான். "உங்களைப் பத்தி ரொம்பச் சொல்லியிருக்கா."

அவன் அவளைப் பார்த்தான். அவள் வண்டியின் மறுபக்கம் போய்க் கதவைத் திறந்துகொண்டிருந்தாள். என்ன சொல்லியிருப்பாள்? குறட்டை விடும் ஈயைப் பற்றியா, அம்மாவின் முழங்காலைப் பற்றியா, அந்த இரண்டு வாரத்தைப் பற்றியா? அந்த மனிதனின் முகத்தில் தேடிப் பார்த்தான். சிரிப்புதான் இருந்தது. எல்லாம் தெரிந்த பிறகும் சிலர் அப்படிச் சிரிப்பதுண்டு, ஒன்றும் தெரியாதவர்களும் அப்படித்தான் சிரிப்பார்கள்.

"பார்த்துப் போங்க" என்றான்.

வண்டி நகர்ந்து, மற்ற வண்டிகளோடு கலந்து, திரும்பியது. அவள் கை வெளியே வந்து ஆட்டியதா, இல்லை கண்ணாடியை ஏற்றியதா என்று அவ்வளவு தூரத்திலிருந்து சரியாகத் தெரியவில்லை. அவன் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு படியேறினான். மேலே, கூழ் ஆறியிருக்கும்.